கண்டக்டர் சொன்ன கரடி

போளூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவே நான் நடத்துநராகப் போய்வந்த தூரத்தை நீட்டிப் போட்டால், நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். அத்தனை தூரமும் மலைப்பள்ளிக் கோகிலவாணி டீச்சருக்காக மூன்று செய்தித்தாள்களைச் சுமந்திருக்கிறேன். ஒரே செய்தியை மூன்றிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்து, எதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று கேட்பார். கைப்பேசி வந்த பிறகு அதில் சுற்றும் செய்திகளையும் அப்படியே உரித்துப் போட்டார். இதை எல்லாப் பள்ளிகளிலும் பாடமாக வையுங்கள் என்று இருபது வருஷம் மனு எழுதினார்.

அந்தப் பாடத்துக்கு நான்தான் சோதனை எலி. மலைப்பள்ளி நிறுத்தத்தில் வண்டி ஐந்து நிமிஷம் நிற்கும். படியில் நின்றபடியே ஒரு புளுகை அவிழ்த்துவிடுவேன். பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள்.

"யாரு பாத்தது மாமா?"

"எத்தினி மணிக்கு? வேற யாருக்குத் தெரியும்?"

மூன்றாவது கேள்விக்குள் மாட்டிக்கொள்வேன். டீச்சர் சிரிப்பார். "நாளைக்கு இன்னும் கெட்டிக்காரப் பொய்யா கொண்டாங்க, கண்டக்டரே."

போன மாதம் அதே பள்ளியில் டீச்சருக்குப் பாராட்டு விழா. ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் பேச அழைத்திருந்தார்கள். போளூரிலிருந்து டீச்சரைக் கூட்டி வந்த மகள் கீதாஞ்சலி என்னைத் தனியாக அழைத்தாள்.

"மாமா, அம்மாவுக்கு இப்பல்லாம் ஆளு தெரியல. நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடுங்க."

"நீ சும்மா இரும்மா. என் பொய் ஒண்ணு காதுல வுழட்டும். சட்டுனு நிமிந்து கேள்வி கேக்கறாங்களா இல்லியா, பாரு."

அதை நான் நம்பினேன். அதற்காகவே ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பொய்யைச் செதுக்கியிருந்தேன்.

ஒலிபெருக்கியைப் பிடித்தேன். "இன்னிக்கு வர்றப்ப வளைவுல ஒரு கரடி. இன்னா ஒசரம்ன்ற! பஸ்ஸுக்கு மேல ரெண்டு முழம். கைய காட்டி வண்டிய நிறுத்திச்சு. ஏறுனதும் ஜன்னல் சீட்டு கேட்டுச்சு. இல்லன்னதும் டிரைவரத் தூக்கித் தோள்ல போட்டுக்கினு காட்டுக்குள்ள போயிடுச்சு!"

பழைய மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் டீச்சரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சால்வைக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக வெளியே வந்து வாயைப் பொத்தியது.

"ஐயோ... அவரு வூட்ல சொல்லியாச்சாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவர் நாற்காலியருகே போய் மண்டியிட்டேன்.

"டீச்சர், பொய்ங்க. நான் முனிசாமி, கண்டக்டர். எப்பவும் புளுகுவேனே."

"காணாமப் போனவரப் பத்தி யாராவது பொய் சொல்வாங்களா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். "பாவம், புள்ளைங்க இருக்கும்."

எங்களை ஏற்றிவந்து வாசலில் நின்ற பேருந்துக்கு ஓடினேன். ஓட்டுநர் வெற்றிவேலைச் சாப்பாட்டுக் கையோடு இழுத்துவந்து நிறுத்தினேன்.

"இதோ டிரைவரு, டீச்சர். நல்லாப் பாருங்க. முழுசா இருக்காரு."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு வேற டிரைவர்" என்றார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கீதாஞ்சலி அதைத் துடைத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

திரும்பும்போது டீச்சர் பேருந்தில் ஏற மறுத்தார். முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானே காவல் பார்க்கிறேன் என்று சொன்ன பிறகுதான் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் எழுந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில்கூட அந்தக் காட்டை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. புளியமரங்கள், ஈரப்பாறை, சாமை விளைந்து நிற்கும் ஒரு துண்டு நிலம்.

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

தலையாட்டினார். என் சட்டைக் கையை மட்டும் போளூர் வரைக்கும் விடவில்லை.