இரண்டுக்கு இரண்டு

அப்பாவின் விரல்களுக்குள் பென்சிலைச் செருகி, அதன்மேல் தன் கையை மூடிக்கொண்டாள் கெஸியா. முதல் எழுத்தை அவரே எழுதினார். மிச்சத்தை அவள் கைதான் எழுதியது. ஜெஃபர்சன். முப்பத்தோராவது சீட்டு அது.

"எழுதியாச்சா?" என்றார் விட்கம், சுவரைப் பார்த்தபடி. ஓட்டு எழுதும்போது பெட்டி கொண்டுவருபவர் திரும்பி நிற்க வேண்டும்.

"ஆச்சு."

அவர் திரும்பிப் பெட்டியை நீட்டினார். அவள் சீட்டை மடித்துப் போட்டாள்.

"என்னய்யா, நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?" என்றார் அப்பா. நெஞ்சுச்சளியில் குரல் பாதி மூழ்கிப்போயிருந்தது.

"எங்க? உன் கட்டிலுக்கு நடந்து நடந்து நான்தான் முந்திக்குவேன் போலிருக்கு."

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற ஜெஃபர்சனும் பர்ரும் சமமாக ஓட்டு வாங்கியிருந்ததால் முடிவு பிரதிநிதிகள் அவையிடம் வந்திருந்தது. அங்கே மாநிலத்துக்கு ஒரே ஓட்டு. அவர்கள் மாநிலத்தின் நான்கு உறுப்பினர்களில் அப்பாவும் இன்னொருவரும் ஜெஃபர்சனுக்கு; விட்கம்மும் இன்னொருவரும் பர்ருக்கு. இரண்டுக்கு இரண்டாக இருக்கும்வரை அந்த ஓட்டு யாருக்கும் இல்லை. அப்பா ஒரு சுற்றுக்கு வராமல் போனால் அது பர்ருக்குப் போய்விடும். அதனால்தான் கடும் காய்ச்சலில் கிடந்தவர் பனியில் கட்டிலோடு தூக்கிவரச் சொன்னார். நான்கு நாளாகப் பகலெல்லாம் அவையை ஒட்டிய இந்தச் சின்ன அறையில் கிடக்கிறார்; இரவில் மேட்டுக்குக் கீழே தங்கியிருக்கும் விடுதிக்குத் தூக்கிப்போவார்கள். கணப்பு புகைந்ததே தவிர சூடு தரவில்லை.

முதல் நாளே கெஸியா கெஞ்சியிருந்தாள். "படுக்கையிலயே இருங்கப்பா. ஒரு ஓட்டு போனாப் போகுது."

"உன் அண்ணன் உயிர விட்ட சுதந்திரச் சண்டையே இந்த ஒரு ஓட்டுக்காகத்தான்," என்றார்.

விட்கம் போனதும் அப்பா கண்ணைத் திறந்தார். "இன்னொண்ணு எழுதி வச்சுக்கலாம்."

"இன்னும் கூப்பிடலியேப்பா."

"அதுக்குத்தான் சொல்றேன்." இந்தமுறை முதல் எழுத்துக்கும் அவள் கைதான் வேண்டியிருந்தது. "நடுவுல நான் போயிட்டா, யாருகிட்டயும் சொல்லாத. இதப் போட்டுட்டு அப்புறம் அழு."

அவள் தலையாட்டினாள்.

கட்டில் தூக்கும் இருவரில் ஒருவன் சாப்பிடப் போயிருந்தான். விடுதிக்காரியின் அடிமை ஐசக் மட்டும் கணப்பருகே குந்தியிருந்தான். "நாலு நாளா மேட்ட ஏறி இறங்குறோம்மா. இதுக்குள்ள ஒரு வயலையே உழுதிருக்கலாம்," என்று முனகினான். கெஸியா அப்பாவின் காலுறைகளைக் கழற்றி, நெருப்பில் காட்டி, மறுபடியும் மாட்டினாள். இரண்டாவது காலுக்கு மாட்டும்போது பாதம் எந்த உதவியும் செய்யவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் காலுறையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு குதிகாலில் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. விட்கம், பெட்டியோடு.

"அடுத்த சுற்று. தூங்குறானா?"

அவள் கம்பளியை அப்பாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவர் வழக்கம்போலப் பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்தலையில் முடி கலைந்திருந்தது. நான்கு நாளாக அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

மடித்த சீட்டு அவள் கையில் இருந்தது. பெட்டியின் வாய் ஒரு சாண் தூரத்தில். ஐசக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் விட்கம், திரும்புங்க. அப்பா போயிட்டார்."

அவர் திரும்பினார். கட்டிலைப் பார்த்தார், அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"எப்போ?"

"நீங்க தட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"நான் சுவரத்தானே பாத்துக்கிட்டு நின்னேன், கெஸியா."

"தெரியும்."

அவள் சீட்டைக் கணப்பில் போட்டாள். விட்கம் அது எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து, வெளியே நின்ற காவலரிடம் பெட்டியைக் கொடுத்தார்.

"எங்க மாநிலத்து மத்த ரெண்டு பேருகிட்டயும் காட்டு. இவன் செத்துட்டான்னு சொல்லிடு."

"உங்க சீட்டு, ஐயா?"

விட்கம் காதில் வாங்காதவர்போல உள்ளே வந்து, "விடுதிக்குத்தானே கொண்டுபோகணும்?" என்றார்.

"ஆள் வரட்டும். ஒருத்தர் சாப்பிடப் போயிருக்கார்."

"எதுக்கு? ஐசக், நீ முன்னால பிடி."

ஐசக் எழுந்து அவரைப் பார்த்தான், கெஸியாவைப் பார்த்தான், குனிந்து பிடித்தான். விட்கம் கால்மாட்டைத் தூக்கினார். கம்பளி நழுவாமல் கெஸியா பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பாதிப் பனி சேறாகியிருந்தது. படியிறங்கியதும் பின்னாலிருந்து காவலரின் குரல் வந்தது. அவர்கள் மாநிலத்தின் பெயர். பிறகு விட்கம்மின் பெயர், இரண்டு தடவை.

"உங்களத்தான் கூப்பிடுறாங்க, ஐயா," என்றான் ஐசக், திரும்பாமல்.

"கேக்குது. கீழ பாத்துப் போ, பள்ளம் கெடக்கு."

"நீங்க போகலன்னா ஒண்ணுக்கு ஒண்ணுதான் ஆகும்," என்றாள் கெஸியா, மெதுவாக. "உங்க ஆளுங்க உங்கள விடமாட்டாங்க."

"விடமாட்டாங்கதான்."

அவர் தொப்பியை எடுத்துவர மறந்திருந்தார். அவைக்குப் போடும் மெல்லிய காலணிகள் சேற்றில் கணுக்கால்வரை புதைந்து புதைந்து எழுந்தன. சரிவின் பாதியில் ஒருமுறை நின்றார். கட்டிலைக் கீழே இறக்காமலேயே, ஒரு கையை விட்டு, விரல்களை உதறி, மறுபடியும் பிடித்துக்கொண்டார்.