திருடர் எழுந்தருளினார்

1

இந்தக் கதை 'ன்' என்ற ஒற்றை எழுத்தால் உண்டானது. அந்த எழுத்தால் என் அக்காவின் வேலையே போகப் பார்த்தது. அதை அவள் சாப்பாட்டு மேசையில் சிரித்துச் சிரித்துச் சொல்ல, நான் கை கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

'மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில், பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தில் அவள் தன்னந்தனியாக...'

மழையெல்லாம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்ததாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'என் அக்கா ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறாள்.'

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அக்கா, "ஊருக்கெல்லாம் நான் டீச்சர். உன் கதையில மட்டும் 'நடத்துகிறாள்'ஆ?" என்றாள். 'நடத்துகிறார்' என்று மாற்றினேன். யாரோ அடுத்த வீட்டு அம்மாளைப் பற்றி எழுதியது போல இருந்தது. அவளுக்கே பிடிக்கவில்லை. "பழையபடியே போட்டுத் தொலை," என்றாள்.

2

அன்றைய பாடம் வினைமுற்று. செய்பவர் யாரோ, அவருக்கு ஏற்றபடி வினையின் வால் மாற வேண்டும்: அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார். வகுப்பு கொட்டாவி விட்டது. அக்கா புத்தகத்தை மூடிவிட்டு, "சேர்ந்து ஒரு கதை எழுதலாம். ஆளுக்கு ஒரு வரி," என்றாள்.

ஒரு திருடன் இருந்தான். வீடு வீடாகத் திருடினான். கடை வைத்தான். கார் வாங்கினான். கடைசியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினான்.*

அப்போது 'கேள்விக்குறி' எழுந்தாள். எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது.

"டீச்சர், பள்ளிக்கூடமே கட்டிட்டாரு. இன்னும் 'கட்டினான்'னு எழுதலாமா?"

"சரி, எந்த இடத்துலேர்ந்து 'ர்' போடலாம்? நீங்களே சொல்லுங்க."

வகுப்பு விழித்துக்கொண்டது.

"கார் வாங்கினதும் போடலாம் டீச்சர்."

"பழைய காரா, புதுக் காரா?"

"எதிர்ல நிக்கிறப்ப 'ர்'. அந்தப் பக்கம் போனதும் 'ன்'."

கடைசியாகச் சொன்னவன் கடைசி வரிசை நெட்டையன். இத்தனை சுருக்கமாக எந்த உரையாசிரியரும் இலக்கணம் சொன்னதில்லை.

தீர்ப்பு வரவில்லை, மணி அடித்துவிட்டது. 'ன்' அப்படியே நின்றது. கதையைப் பெரிய தாளில் எழுதவைத்து, அக்கா அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள்.

* ஏன் பள்ளிக்கூடம் என்று அக்காவைக் கேட்டேன். "பிள்ளைங்களுக்கு வேற எந்தக் கட்டடம் தெரியும்?" என்றாள்.

3

இந்தப் பள்ளியைக் கட்டிய நிர்வாகியை இங்கே கொண்டுவர வேண்டும். 'தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக...' என்று ஆரம்பித்தேன்.

"அவர் ஒல்லிடா. சங்கிலியும் கிடையாது. நல்லா சிரிச்சுப் பேசுவார்," என்றாள் அக்கா.

[கெட்டவராக இருக்க ஒத்துழைக்காத பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவர் எங்கும் எதையும் திருடியதாகப் பேச்சும் இல்லை. அதையும் சொல்லிவைக்கிறேன்.]

அவர் பலகையைப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"யாரும்மா இந்தத் திருடன்?"

"கதையில வர்றவன் சார்."

"வர்றவனா? கொஞ்சம் மரியாதையா சொல்லுங்க."

"திருடனுக்கா சார்?"

நிர்வாகி தண்ணீர் குடித்தார். "பள்ளிக்கூடம் கட்டினவருக்கு."

அக்காவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆக்குவதும் ஆக்காததும் அவர் கையில். "மாத்திடறோம் சார்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

4

மாற்றினார்கள். வகுப்பே கூடி உட்கார்ந்து மனதார மாற்றியது.

'ஒரு திருடர் இருந்தார். அவர் நள்ளிரவில் பூட்டை உடைத்தருளினார். நகைகளைத் தம் திருக்கரங்களால் அள்ளிக்கொண்டார். நாய் அவர்கள் துரத்தியபோது சுவரேறிக் குதித்து, அடுத்த தெருவில் எழுந்தருளினார்.'

"நீ தடுக்கலையா?" என்று கேட்டேன்.

"ஒரு பிழை இல்லடா. எதைன்னு தடுக்கிறது?"

பெற்றோர் கூட்டத்தில் கேள்விக்குறி அதை வாசித்தாள். 'எழுந்தருளினார்' வந்ததும் ஒரு அப்பா களுக்கென்றார். பிறகு கூடமே சிரித்தது. முன்வரிசையில் நிர்வாகியும் சிரித்தார். எல்லாரும் தம்மையே பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

5

மறுநாள் அவர் வகுப்புக்கே வந்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான் எழுதினேன் சார்." கேள்விக்குறி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாங்க எழுதினோம் சார்," என்று நெட்டையன் எழுந்தான். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஒவ்வொருவராக எல்லாரும் நின்றார்கள்.

நிர்வாகி அவர்களைப் பார்க்கவில்லை. "வாசிச்ச பொண்ணோட அப்பாவை வரச் சொல்லுங்க. சான்றிதழை வாங்கிட்டு வேற பள்ளிக்கூடம் பாத்துக்கட்டும்."

[இந்த இடத்தில் அக்காவின் மனதில் என்ன ஓடியது என்று அரைப் பக்கம் எழுதினேன். "அரைப் பக்கம் யோசிக்கிற அளவுக்கு நேரம் ஏதுடா?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

அக்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"எழுதினது அவங்க சார். எழுத வெச்சது நான்."

6

அவர் என்ன பதில் சொன்னார் என்பதுதான் முடிவு. மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் மனம் திருந்தினார். வார இதழ்களுக்கு அது பிடிக்கும். ஒன்றில் அக்காவை அன்றே வெளியே அனுப்பினார். விருதுக் குழுவுக்கு அது பிடிக்கும். மூன்றாவதில் கேள்விக்குறி ஒரு கேள்வி கேட்க, அவர் திகைத்துப்போய்...

அக்கா மூன்றையும் படித்தாள்.

"நிஜமா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அதை நீ எழுதிட்டா, நாளைக்கு நான் எந்த முகத்தோட வகுப்புக்குப் போறது?"

"அந்தப் பொண்ணு?"

"இருக்கா. இன்னிக்கும் மூணு கேள்வி."

அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. ஆகவே வாசகரே, வகுப்பு முழுக்க நின்றுகொண்டிருக்கிறது, நிர்வாகி வாயைத் திறக்கிறார், அடுத்த வரி உங்களுடையது. தைரியமாக எழுதுங்கள். யாராவது வந்து கேட்டால், எழுத வைத்தது நான் என்று சொல்லிக்கொள்கிறேன்.