வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

விண்ணப்பப் படிவம் அரிசிப் பானைக்கு மூடியாகிக் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் உழக்கைக் கவிழ்த்து வைத்திருந்தாள் குஞ்சம்மாள்.

தனக்கொடி உழக்கை நகர்த்தி, படிவத்தை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டினாள்.

"இன்னாடி, மறுபடியும் அந்தக் காயிதமா?"

"அப்பா ஒரு கையெழுத்து போட்டாப் போதும்மா. பணம் என் டியூசன் பணம்தான்."

"ஒரு வூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும். அவன் ஆம்பள, படிச்சா வெல ஏறும். நீ படிச்சா? ஒன்னைவிட மேல படிச்சவனா மாப்பிள்ள தேடணும். அதுக்கு வேற தனியா கொட்டி அழுவணும்."

பி.எஸ்சி. இயற்பியல் என்று தன் படிப்பை மணிமணியாக எழுதியிருந்தாள் தனக்கொடி. படிவத்தின் அடியில் 'தந்தை அல்லது கணவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கணவர் இன்னும் அமையவில்லை. தந்தை கன்னியப்பன் மில்லுக்குப் போகும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்றதக் கேளு" என்றார் அவர். முத்தியால்பேட்டையில் அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் அவருடைய பதில் அதுதான்.

அந்த வீட்டின் ஒரே கம்ப்யூட்டர் தனக்கொடியின் அண்ணன் தெய்வசிகாமணி. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். போன வருஷம் கல்யாணத் தரகர் பக்கிரி வந்தபோது, "வெறும் பி.காமுக்கு இப்ப மதிப்பில்லீங்க. எண்பத்தாறாம் வருசம் இது. கம்ப்யூட்டர்னு ஒரு வார்த்தை சேத்துக்குங்க, அஞ்சு சவரன் கூடக் கேக்கலாம்" என்றார். மறுநாளே சென்னையிலிருந்த ஓர் அஞ்சல்வழிக் கல்வி நிலையத்தில் பட்ட மேற்படிப்புக்குப் பணம் கட்டியாயிற்று. இனி வரும் காலத்தில் அறிவுதான் முதல், வீட்டிலிருந்தே கற்று நாளைய வேலைக்குத் தயாராகுங்கள் என்று அவர்களுடைய விளம்பரம் சொன்னது.

பார்சலில் எட்டுப் புத்தகமும் ஆறு கேசட்டும் வந்தன. தெய்வசிகாமணி முதல் கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டான். பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். அவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இவனுக்குக் குறட்டை வந்துவிட்டது.

பிறகு டேப்ரிக்கார்டரும் கேசட்டும் சமையலறைக்கு வந்தன. தனக்கொடி தோசைக்கு அரைத்துக்கொண்டே கேட்டாள். புரியாத இடத்தில் ஈரக் கையால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் கேட்டாள். பொத்தான்களில் மாவு காய்ந்து ஒட்டியது. கல்லூரியில் மூன்று வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சந்தேகம்கூட எழுந்து கேட்காதவள் அவள். இந்த வாத்தியாரிடம் கூச்சப்படத் தேவையிருக்கவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் சொன்னார். திரும்பி இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விடைத்தாள் அனுப்ப வேண்டிய நாள் வந்தபோது அண்ணன் சமையலறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"கொடி, இத மட்டும் எழுதிக் குடுத்துடு. அடுத்தது நான் பாத்துக்கறேன்."

அடுத்ததையும் அவள்தான் எழுதினாள். மேலே அவன் பெயர், கீழே அவள் மூளை. மதிப்பெண் எண்பதுக்குக் குறைந்ததில்லை.

மூன்றாவது விடைத்தாளில் ஒரு கேள்வி: 'உங்கள் அன்றாட வாழ்வில் நடக்கும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குப் புரியும்படி கட்டங்களும் அம்புகளுமாக வரைக.'

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் வில்லியனூரிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். விவரமெல்லாம் சூடாகவே கையில் இருந்தது. ஸ்கேலை எடுத்து வரைந்தாள்.

தொடங்கு. பெண் காபி கொண்டு வருகிறாள். பெண் சிவப்பா? இல்லையென்றால் இரண்டு சவரன் கூட்டு. கேட்டதைத் தருகிறார்களா? ஆம் என்றால் இன்னும் கொஞ்சம் கேள். இல்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள், பிறகு மறுபடியும் கேள். இரண்டு அம்பும் சுற்றிக்கொண்டு பழைய கட்டத்துக்கே திரும்பின.

விடைத்தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'அருமை. ஆனால் இது எந்தக் காலத்திலும் நிற்காதே? வெளியேறும் வழி எங்கே? திருத்தி அனுப்புக.'

இரண்டு நாள் யோசித்தாள். காபி கொண்டுவந்த பெண் முதல் கட்டத்துக்குப் பிறகு படத்தில் எங்குமே இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசியில் வைர வடிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தாள். 'பெண்ணுக்குச் சம்மதமா? இல்லை என்றால், நிறுத்து.'

அடுத்த மாதம் கல்வி நிலையத்தின் செய்தி மடலில் முழுப் பக்கத்துக்கு அந்தப் படம் வந்தது. மேலே தடித்த ஆங்கில எழுத்தில், கே. தெய்வசிகாமணி, புதுச்சேரி.

குஞ்சம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்க ஒரு வீடு விடாமல் காட்டினாள். படத்தில் இருந்த ஆங்கிலம் அவளுக்கு வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த மகன் தன் பெயரை மட்டும் வாசித்தான்.

"பாரு, ராக்கெட்டு மாதிரி இன்னமோ போட்டிருக்கான் எம்புள்ள. இத அந்த சொல்தா வூட்டுக்குக் குடுத்தனுப்பறேன். வாயப் பொளக்கட்டும்."

சொல்தா என்றால் புதுச்சேரிப் பேச்சில் சிப்பாய். அந்த வீடு குயவர்பாளையத்தில் இருந்தது. ஆதிமூலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிராங்கில் பென்ஷன், ஒரே மகள் சந்திரகலா. அந்தப் பெண்ணைத்தான் அண்ணனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டதுக்கு மேலயே குடுப்பாங்க. அவனுக்கு வர்றதுதான்டி ஒனக்குப் போவும்" என்றாள் அம்மா.

படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தனக்கொடி மூச்சு விடவில்லை. செய்தி மடல் மடங்கிவிடாமல் இருக்க ஒரு பழைய காலண்டர் அட்டையை வைத்து, தானே உறையிலிட்டு, பக்கிரியிடம் கொடுத்தாள்.

பெண் பார்க்கப் போனது முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. படிவத்துக்கு மறுநாள் கடைசி நாள். தனக்கொடி அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சந்திரகலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். குஞ்சம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்கப் போன நேரத்தில் ஆதிமூலம் செய்தி மடலை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"தம்பி, எம்பொண்ணு படிச்சிச் சொன்னா. நானும் பாரீசு வரைக்கும் போயி வந்தவன். மாப்பிள்ளையா வர்ற பையனே வரதட்சணைய இந்தக் கிழி கிழிச்சு நான் பாத்ததில்ல. எவ்ளோ பெரிய மனசு. ஒங்க கொள்கைக்கு நான் மரியாத குடுக்கறேன். ஒரு குண்டுமணி தங்கம் வெச்சுக்கூட ஒங்கள அவமானப்படுத்த மாட்டேன்."

பக்கிரியின் வாயில் கேசரி அப்படியே நின்றது.

"அது... அது கம்ப்யூட்டருக்குப் போட்டதுங்க" என்றாள் குஞ்சம்மாள். "மனுசங்களுக்கு இல்ல."

தெய்வசிகாமணி முதல்முறையாகத் தன் படத்தைப் படித்தான். படிக்கப் படிக்கக் காது சிவந்தது. நான் போடவில்லை என்றால் படிப்பு போகும். நான்தான் போட்டேன் என்றால் சவரன் போகும். அவன் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சந்தேகம்" என்றாள் சந்திரகலா. "பொண்ணுக்குச் சம்மதமான்னு கேக்கற கட்டத்த கடைசியில வெச்சிருக்கீங்க. மொதல்லயே வெச்சிருந்தா இவ்ளோ சுத்து சுத்த வேணாமே. ஏன் வெக்கல?"

தெய்வசிகாமணி செய்தி மடலைத் தங்கை பக்கம் நகர்த்தினான்.

"அது வந்து... தங்கச்சி சொல்லும்" என்றான் தெய்வசிகாமணி. "அதுக்கு எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

எல்லா முகங்களும் தனக்கொடி பக்கம் திரும்பின. அந்நியர் முன்னால் அவள் இதுவரை இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்து, மடிப்பை நீவி, அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"சொல்றேண்ணே. அதுக்கு முந்தி அப்பா இதுல ஒரு கையெழுத்து போடட்டும். நாளைக்குக் கடைசி நாள். நாங்க இப்ப வூட்டுக்குப் போனா மறந்துடுவாரு."

"இன்னாது அது?" என்றார் ஆதிமூலம்.

"அதே படிப்புங்க. எனக்கு."

ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். "போடுங்க முசியே" என்றார் பட்டாளத்துப் பிரெஞ்சு மரியாதையில். "நல்ல காரியம்."

கன்னியப்பன் மனைவியைப் பார்த்தார். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு குஞ்சம்மாள் என்ன சொல்ல முடியும்? முப்பது வருஷத்தில் முதன்முறையாக அம்மா சொல்வதைக் கேட்க வழியில்லாமல், அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மை காயும்வரை ஊதிவிட்டு, தனக்கொடி படிவத்தை மடித்து உள்ளே வைத்தாள். பிறகு சந்திரகலாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க சொல்றதுதான் சரி. மொதல்லதான் வெச்சிருக்கணும். ஆனா வரையும்போது அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே தெரியல. அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"ஒங்க அண்ணன யாரும் கேட்டதில்லையா?"

தனக்கொடி தரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் உதடு கோணியது. சந்திரகலா அண்ணனை ஒரு பார்வை, தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். படம் போட்டது யார் என்று டைப்ரைட்டர் மாதிரி அவளுக்குள் ஒரு வரி அச்சாகி முடிந்தது.

"அப்பா, என்னக் கேளுங்க."

"கேக்கறேம்மா. சம்மதமா?"

"இல்லப்பா." பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி மரியாதையாகச் சொன்னாள்: "காபி ஆறிப்போவுது, குடிங்க."

ரிக்‌ஷாவில் வீடு வரும் வழியெல்லாம் குஞ்சம்மாள் மகனைத்தான் திட்டினாள். "கட்டம் போட்டானாம் கட்டம். தலையில மண்ண வாரிப் போட்டுக்க நீயே படம் வரைஞ்சியாடா?" போட்டது நான் இல்லை என்று சொல்லக்கூட அவனுக்கு வழியில்லை. கொள்கைக்காரப் பையன் என்று பேர் பரவி, அதற்குப் பிறகு வந்த இரண்டு இடத்திலும் சவரனைப் பற்றிய பேச்சே எழவில்லை.

மூன்றாவது வாரம் தனக்கொடி பேருக்கு முதல் தபால் வந்தது. எட்டுப் புத்தகம், ஆறு கேசட். விடைத்தாள் கேள்விகளைப் புரட்டினாள். மூன்றாவதில் அதே கேள்வி இருந்தது: 'உங்கள் அன்றாட வாழ்வில் நடக்கும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு...'

கீழே ஒரு குறிப்பும் இருந்தது. 'செய்தி மடலில் வெளியான கே. தெய்வசிகாமணியின் விடையைப் பார்த்து எழுதுவோருக்கு மதிப்பெண் கிடையாது.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஸ்கேலை எடுத்தாள்.

தொடங்கு. அண்ணன் கேசட்டைப் போடுகிறான். தூங்கிவிட்டானா? ஆம் என்றால் எழுப்பு, மறுபடியும் போடு.

"கொடி" என்றான் தெய்வசிகாமணி வாசலில் நின்று. "நாலாவது விடைத்தாளு ஒண்ணு..."

"உக்காருண்ணே. கேசட்டோட ரெண்டாம் பக்கம் நல்லாருக்கும். மொதப் பக்கந்தான் தூக்கம் வரும்."

கடைசிக் கட்டத்தை வைர வடிவத்தில் வரைந்தாள். 'தங்கை எழுதிக் கொடுப்பாளா?' வைரக் கட்டம் என்றால் ஆம் என்று ஓர் அம்பும் இல்லை என்று ஓர் அம்பும் வெளியே போக வேண்டும் என்பது முதல் பாடம். அவள் 'இல்லை' என்ற ஒன்றுதான் போட்டாள். இதற்கு வாத்தியார் மதிப்பெண் குறைப்பார் என்று தெரியும்.

குறைத்துக்கொள்ளட்டும் என்று உறையை ஒட்டினாள்.