போடியார் நீட்டிய வெற்றிலை

"அந்தத் தாடிக்காரர் வருசக்கணக்கா வாசிகசாலையில குந்தி எழுதினாரெண்டா, அவர்ர புள்ளைகளுக்கு ஆரு சோறு போட்ட?" என்று கேட்டார் அபூசாலி.

மருமகன் ஜெமீல் மடியில் விரித்திருந்த தடித்த புத்தகத்திலிருந்து தலையை எடுத்தான். "கூட்டாளி ஒருத்தர் மாமா. பஞ்சாலை முதலாளி குடும்பம்."

"முதலாளிட காசுலயா இரிந்து முதலாளிக்கு எதிரா எழுதின?"

"ஓம்... அது வேற கதை மாமா."

அபூசாலிக்கு எல்லாமே வேறு கதையாகத்தான் இருந்தது. அரசாங்க ஊழியரின் ஜூலை வேலைநிறுத்தத்தில் கந்தோர் வேலையைத் தொலைத்துவிட்டு வந்த நாளிலிருந்து மருமகனுக்கு இதே புத்தகம்தான். சீமையில் செம்மறி ஆடு வளர்க்கக் குடியானவர்களைக் காணியை விட்டு விரட்டினார்களாம். அவர்கள்தான் ஆலைக் கூலிகளானார்களாம். ஆடு எப்படி மனிசனை விரட்டும்? நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை. ஆனால் வயல் சொந்தக்காரர் ஷரிபுதீன் போடியார் ட்ரெக்டர் வாங்கியது உண்மை. சவளக்கடை வயலில் இந்த மாரிப் போகத்திலிருந்து, தன்னைப் போல வயல் செய்யும் முல்லைக்காரருக்கு விளைச்சலில் பங்கு கிடையாது, நாட்கூலிதான் என்று சொல்லியனுப்பியதும் உண்மை. கூலிக்கு ஒருவரும் இறங்குவதில்லை, விடிந்ததும் எல்லாரும் வாய்க்கால் பாலத்தடியில் கூடுவது என்று ஜெமீல்தான் பேசி முடித்திருந்தான்.

"உங்கட உழைப்புல பாதி போடியார்ர மாடி வீடாப் போச்சு மாமா. அதத்தான் இதில எழுதியிரிக்கி."

"மத்தப் பாதி எங்க போன? மருமகன், நீங்க இரிக்கிற இந்த வீடு ஆகாசத்தால விழுந்ததா?"

உள்ளே மூத்த மகள் ஸகியா அரிசி புடைக்கும் சத்தம் நின்றது. ஜெமீல் ஒரு தாளைப் புரட்டினான்; வாசிக்கவில்லை.

சொன்ன பிறகு அபூசாலிக்கே வாய் கசந்தது. மூத்தவளுக்குச் சீதனமாக வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்சாதியோடும் இளையவள் சுல்பிகாவோடும் குசினிப் பத்திக்குள் ஒதுங்கியவர் அவர். ஊரில் எல்லா வாப்பாமாரும் செய்வதுதான். சுல்பிகாவின் வீடு முழங்கால் உயரச் சுவரோடு நிற்கிறது. வீடில்லாமல் எந்த மாப்பிள்ளை வருவான்? மறுத்து நின்று வயலும் கைவிட்டுப் போனால், அந்தச் சுவரில் காகம்தான் குந்தும்.

சுபஹு தொழுதுவிட்டுப் பாலத்துக்கென்றுதான் சைக்கிளை எடுத்தார். சைக்கிள் போடியார் வீட்டு வளவில் போய் நின்றது.

"இரி அபூசாலி," என்றார் போடியார். முகம் வாடியிருந்தது. "நான் என்ன செய்ய? ட்ரெக்டர் பேங்குக்காரண்ட. வட்டி ஹறாமெண்டு தெரிஞ்சும் கட்டுறன். எனக்கு மேல அவன்."

"அவனுக்கு மேல?"

"கொழும்பு."

"அதுக்கும் மேல?"

"ஆருக்குத் தெரியும்?"

மருமகனும் ஒருநாள் இப்படித்தான், முதலாளிக்கு மேலேயும் ஒரு முதலாளி என்று எதையோ சொன்னான். இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்களா, இரண்டு பேருமாகச் சேர்ந்து தன்னை ஏய்க்கிறார்களா? அபூசாலி யோசித்துக்கொண்டிருக்கும்போதே போடியார் வெற்றிலையை நீட்டினார். முப்பது வருடமாக ஒவ்வொரு விதைப்புக்கும் முன்னால் நீட்டும் வெற்றிலை. அதை வாங்கி வாயில் போட்டால் அந்தப் போகத்துக்கு வேலை ஒப்பு, அதற்குமேல் பேச்சில்லை. கை போனது. சுண்ணாம்பு தடவியது. மடித்தது. வாய் மெல்லத் தொடங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் போடியார். "நாளைக்கு வெள்ளன வா. ட்ரெக்டர் இறங்குது."

அப்போதுதான் அபூசாலிக்குத் தன் வாயில் இருப்பது என்னவென்று விளங்கியது. எழுந்து சைக்கிளைப் பாலத்துப் பக்கம் திருப்பினார்.

பாலத்தடியில் பதினைந்து பேர் நின்றார்கள். "அபூசாலி காக்கா வாறாரு!" என்று கத்தினான் சாலிஹ். "பிந்தினதுக்குக் காக்காதான் எல்லாருக்கும் பிளேன்டீ!" கூட்டம் சிரித்து விலகி, நடுவில் அவருக்கு இடம் விட்டது. ஜெமீல் வந்து சைக்கிளை வாங்கிப் பிடித்தான். ராத்திரி அவன் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"மாமா, முதல்ல நீங்க ஒரு வார்த்தை கதைங்க. நீங்க சொன்னா எல்லாரும் நிப்பாங்க."

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். சாறு நிறைந்து கன்னம் உப்பியிருந்தது. துப்பவும் மனம் வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பாலத்துக்குக் கீழே வாய்க்கால் தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு அபூசாலி அதைப் பார்த்தபடி நின்றார்.