கடைசி அறைக்கு ஒரு கேபிள்

ஊசியைக் குத்தியது நான்தான். மோடத்தின் முதுகில் ஒரு சின்னத் துளை, பக்கத்தில் 'ரீசெட்' என்று எழுதியிருந்தது. குத்தினேன். எல்லா விளக்குகளும் அணைந்து திரும்ப எரிந்தன, இன்டர்நெட் விளக்கைத் தவிர.

அன்று மதியம் மகளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். போன மாதம் ஒன்று கைநழுவிப் போயிருந்தது. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். இந்த முறை கடைசி அறையில்தான் உட்காருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். போன் கம்பி வருவது கூடத்துக்கு, மோடமும் அங்கேதான். கடைசி அறைக்குள் போனால் சிக்னல் செத்துவிடும். கூடத்திலேயே உட்காரேன் என்றேன். அங்கே வெளிச்சம் போதாதாம். கடைசி அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். மனைவியைக் கேட்டேன். அவளுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

சரி, அப்பன் எதற்கு இருக்கிறான்? லீவு போட்டுத் தனியாக ஒரு ரௌட்டர் வாங்கினேன். சொருகினால் போதும் என்றார் கடைக்காரர். சொருகினேன். மோடமும் ரௌட்டரும் ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு நான்தான் எஜமான் என்று மல்லுக்கு நின்றன. மோடத்தைத் தட்டிக்கேட்க உள்ளே நுழையப் பார்த்தால் பாஸ்வேர்ட் கேட்டது. அதனால்தான் ஊசி.

மனைவியின் தம்பிக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் அவன் தொழில். என் கதைகளைக் கேட்பது பொழுதுபோக்கு.

"கனெக்ஷனோட யூசர்நேம், பாஸ்வேர்டெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டுதானே குத்துனீங்க, மாமா?"

"ஊசியைத்தான் எடுத்து வச்சிருந்தேன், மாப்ளே."

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு விளக்கினான். மோடம் வெறும் பாலமாகக் கிடக்கட்டும், லைனை வாங்கிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பேர் சொல்லி உள்ளே நுழைவது, வீட்டுக்குப் பங்கு போடுவது எல்லாம் ரௌட்டர் பாடு.

பாஸ்வேர்டுக்காகக் கம்பெனியைக் கூப்பிட்டேன். மதியத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டால், என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்றது ஒரு பெண் குரல். திரும்பக் கேட்டேன். இன்னும் முக்கியமானேன். ஆனாலும் பாஸ்வேர்ட் வந்தது.

மோடத்தைப் பாலமாக்கினேன். ரௌட்டரில் பேரையும் பாஸ்வேர்டையும் தட்டினேன். கூடத்திலிருந்து சுவரோரமாகக் கேபிளை இழுத்துக் கடைசி அறையில் வைத்த ரௌட்டரில் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. மனைவி எட்டிப் பார்த்து, நாலு ஓட்டை மஞ்சளாக இருக்க, தனியாக நீலத்தில் இருக்கிறதே, அதற்கு வேலையே கிடையாதா என்று கேட்டாள். அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிச் சொருகினேன். வந்தது.

மகள் மாமனுக்கு ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் போட்டேன், நடுவில் சிக்னல் போனால் ஆள் வேண்டாமா? மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விட்டத்தைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லும்மா. எதுக்கு இந்த இருட்டு ரூம்?"

"போன தடவை கூடத்துல, கேமராவுக்குப் பின்னாடி நின்னு நீங்க வாயசைச்சே பதில் சொல்லிக் குடுத்தீங்கப்பா. அதுவும் தப்பான பதில். நான் சிரிச்சுட்டேன், வேலை போச்சு. நாற்காலியை எடுத்துட்டு வெளிய போங்க. முடிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."