எதிர்வசனம் படித்தவள்

பழைய தீயணைப்பு நிலையத்தைத் தியேட்டராக்கி வைத்திருந்த ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில், அந்தக் கோடைக்கு நாலு நாடகம் என்று முடிவாகியிருந்தது. நாலுமே நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டுக்காரர்கள் எழுதி, பிறகு மறந்துபோனவை. மூன்றாவது நாடகத்தில் ஒரு விதவை வருகிறாள். பாலத்தில் சுங்கம் வாங்குகிறவள். போருக்குப் போன மகன் செத்துப்போனதை ஒரு கடிதத்தில் படிக்கிறவள்.

அந்த வேஷம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று வினிஃப்ரெட் தவித்தாள். வயது அறுபத்துமூன்று. பத்தொன்பது வருஷமாக அந்த மேடையில் அத்தையாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் வந்து போனவள். இனி ஒரு பெரிய வேஷம் தன்னைத் தேடி வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஆறு வாரம் அவள் பயிற்சி எடுத்தது கொரினின் சமையலறையில்தான். முப்பது வருஷச் சிநேகிதி. கடிதம் கொண்டுவருகிறவனின் வசனத்தைக் கொரின் படிப்பாள். வினிஃப்ரெட் விதவையாக நிற்பாள். ஒருநாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. மாவு பிசைந்த கையோடு நிற்கும் விதவை, மகன்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்து, ஏப்ரனைக் கழற்றிச் சுத்தமான பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கட்டி, அதில் கையை அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் கடிதத்தை வாங்குகிறாள். நாடகத்தில் எழுதாத வேலை அது. அதைப் பார்த்துக் கொரின் அழுதேவிட்டாள். நீலக் கட்டம் போட்ட வினிஃப்ரெட்டின் அந்த ஏப்ரன், ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு, கொரின் வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

கொரின் தனக்கு முதல் நாடகத்தில் ஒரு சின்ன வேஷம் போதும் என்றாள். அதற்கான நடிகர் தேர்வு ஞாயிற்றுக்கிழமை என்றும் சொன்னாள்.

விதவை வேஷத்துக்குத் தேர்வு சனிக்கிழமை. அன்று காலையில் டைரக்டர் டெஸ்மண்ட் போன் செய்தார். தேர்வுக்கு வருகிறவருக்கு மறுபக்க வசனத்தைப் படித்துக் கொடுக்கும் எதிர்வசனக்காரருக்குக் காய்ச்சலாம். வினிஃப்ரெட் வந்து படிக்க முடியுமா என்று கேட்டு, அவளுடைய நடிப்பைக் கடைசியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எதிர்வசனம் படிப்பவர் நடிக்கக் கூடாது. வந்திருப்பவரின் நடிப்பு தெரிய வேண்டும் என்பதால் தட்டையாகத்தான் படிக்க வேண்டும். தேர்வுக்கு வருகிறவர்கள் வெளியே காத்திருப்பார்கள், ஒருவர் செய்வதை ஒருவர் பார்க்க முடியாது. எல்லோரையும் பார்ப்பது எதிர்வசனக்காரர் மட்டும்தான்.

ஐந்து விதவைகள் வந்து போனார்கள். ஆறாவதாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் கொரின். இடுப்பில் நீலக் கட்டம்.

தான் மறந்து வைத்ததைக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்றுதான் வினிஃப்ரெட் முதலில் நினைத்தாள். பாவம், சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

"மூணாவது நாடகம், விதவைதானே?" என்றார் டெஸ்மண்ட்.

கொரின் வினிஃப்ரெட்டைப் பார்த்தாள். அந்த நிமிஷம்கூட அவள் வேறேதாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றாள்.

வினிஃப்ரெட் தட்டையாகப் படித்தாள். கொரின் ஏப்ரனைக் கழற்றினாள், திருப்பிக் கட்டினாள், கையைத் துடைத்தாள். டெஸ்மண்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப நீங்க வாங்க, வின்னி. கொரின், நீங்க இருந்து அவங்களுக்கு எதிர்வசனம் படிச்சிடுங்க."

கொரின் காகிதத்தை நீட்டினாள். வினிஃப்ரெட்டின் கை இடுப்புக்குப் போயிற்று, அங்கே ஒன்றுமில்லை. தன்னுடையதைத் தானே செய்தால் இப்போது அது காப்பியடித்ததாகத்தான் தெரியும். வெறுங்கையால் வாங்கினாள். படித்தாள். "இதைக் கொண்டுவர உன்னையா அனுப்பினாங்க?" என்ற வசனம் அவளை அறியாமலே வெளியே வந்தது.

அடுத்த வசனம்தான் வரவில்லை. விதவை, வாசலில் நனைந்து நிற்கிறவனைப் பார்த்து, உள்ளே வா, சூடாகக் காபி தருகிறேன் என்று சொல்ல வேண்டும். வேஷத்தின் உயிரே அதுதான். வினிஃப்ரெட் கொரினைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டெஸ்மண்ட் மெதுவாகச் சொன்னார். "கோபம் நல்லா இருக்கு வின்னி. ஆனா இந்த விதவை கோபக்காரி இல்லையே. கொரின் அந்த ஏப்ரனை வச்சு ஒண்ணு பண்ணாங்க, கவனிச்சீங்களா? எங்கேருந்துதான் தோணுச்சோ."

கொரின் தரையைப் பார்த்தாள். சொல்வாள் என்று வினிஃப்ரெட் காத்திருந்தாள். சொல்லவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் மழைத் தூறலில் கொரின் பின்னாலேயே ஓடிவந்தாள். "வின்னி, நீ உள்ள இருப்பேன்னு எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதுன்னு தெரியும். அதனாலதான வந்த."

"எனக்கும் வயசாகுதுடி. எனக்கும் ஒண்ணே ஒண்ணு..."

வினிஃப்ரெட் கையை நீட்டினாள். "ஏப்ரனைக் குடு."

கொரின் முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. வினிஃப்ரெட் உதவவில்லை. வாங்கிக்கொண்டு காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மடியில் கிடந்த துணியில் இன்னொருத்தி உடம்பின் சூடு இருந்தது. அது ஆறும்வரை அவள் வண்டியைக் கிளப்பவில்லை.