போத்தலில் இருந்த ஓங்கில் புழுக்கள்

டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் மருந்து கொடுத்தவன் நான். என் மருந்துக்கு வெளியே வந்த வயிற்றுப் பூச்சிகளை முடிச்சுப் போட்டு நீட்டினால் வட்டவளையிலிருந்து கொழும்புக் கோட்டை வரை போகும். மிச்சத்தில் கொடி கட்டித் துணி காயப்போடலாம்.

ஐம்பத்தேழில் என் மைத்துனன் சிறில் நீர்கொழும்பிலிருந்து ஒரு போத்தல் அனுப்பினான். கரையொதுங்கிய ஓங்கிலின் இரைப்பையில் எடுத்த புழுக்கள், ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்தன. ஓங்கில் மீன் போலிருக்கும். ஆனால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். புழுக்கள் விரல் நீளம்தான். நான் வாயைத் திறந்ததும் முழ நீளமாகிவிட்டன.

எங்கள் சனம் பூச்சி மருந்தை வாயில் அடக்கிக்கொண்டுபோய்த் தேயிலைத் தூரில் துப்பும். எங்கள் மலைத் தேயிலைக்கு ஜென்மத்துக்கும் பூச்சி வராது! அதனால் அந்த மாத மருந்து நாளில், வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

“மேமலைத் தோட்டத்துல ஒரு பொம்பளப் புள்ள மருந்தத் துப்பிருச்சு. செத்தப்புறம் அறுத்துப் பாத்தா, இந்தா!”

“ஆத்தாடி! எனக்கு ரெண்டு மடக்கா ஊத்துங்கய்யா” என்றான் சோலைமலை.

“ஒனக்கெதுக்கு? குடிக்கிற சாராயத்துலயே எல்லாம் செத்து மெதக்குமே” என்றாள் வேலாயி.

ஒரு சொட்டுக்கூடத் தேயிலைக்குப் போகவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

கதை நாலு மலை தாண்டுவதற்குள் புழு சாரைப்பாம்பாகிவிட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம், மேமலையிலிருந்து அம்மாக்கண்ணு என்றொருத்தி நடந்தே வந்து மருந்துசாலை வாசலில் நின்றாள். அவள் மகள் லெட்சுமி மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப்போனவள். வாய்க்கு வந்த தோட்டத்தின் பேரைச் சொன்ன எனக்கு அது தெரியாது.

“எம் புள்ளகிட்ட எடுத்ததுங்களாய்யா? ஆஸ்பத்திரியில துணி சுத்திக் குடுத்தாங்க, வயித்த நான் பாக்கல. மருந்து கசக்குதுன்னு அழுதுச்சு. நாந்தான் துப்பிரு தாயின்னேன்.”

போத்தலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“இல்ல தாயி. நான் சொன்னது பொய்யி. இது கடல்ல இருக்கிற ஓங்கிலோட புழு.”

“மீனுங்களா?”

“மீனில்ல. குட்டி போட்டுப் பால் குடுக்கும்.”

கடலையே பார்த்திராதவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“தண்ணிக்குள்ள கெடக்குறது பால் குடுக்குமா? எம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. நீங்க நல்லா இருக்கணும்.”

மாதா மேல் சத்தியம் செய்தேன். போத்தலோடு வந்த சிறிலின் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். காய்ச்சலுக்கும் புழுவுக்கும் சம்பந்தமில்லை என்று கத்தினேன். நாலு மலைச் சனமும் என் புளுகை நம்பியது. இந்த ஒருத்தி என் உண்மையை நம்பவில்லை.

“ஒண்ணே ஒண்ணுங்கய்யா. இத இனிமே யாருக்கும் காட்டாதீங்க. அது வெக்கப்படுற புள்ள.”

மருந்துசாலைக்குப் பின்னால் குழி தோண்டினேன். அவள் போத்தலை வாங்கி, முந்தானையால் துடைத்து, தானே உள்ளே வைத்தாள். மூன்று பிடி மண் போட்டாள். என்னையும் போடச் சொன்னாள்.

போட்டேன்.